மகன் கொண்டுவந்த மாத்தே டீயும் விடியற்காலையில் இழுக்கும் கெண்டைக்காலும்

கேள்வி: வணக்கம் டாக்டர். என் வயது 47, ஊர் பேரணாம்பட்டு. மூன்று வருடமாக ரத்தக்கொதிப்புக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதையசைடும் சேர்ந்த மாத்திரை எடுக்கிறேன். போன மாதம் ஹீமோகுளோபின் 9.4 என்று வந்ததால் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, டீ காபியைக் குறைக்கச் சொன்னார்கள். அந்த நேரம் பார்த்து ஷார்ஜாவில் வேலை செய்யும் மகன் ஊருக்கு வந்தான். கூட அறையில் இருக்கும் சிரியாக்காரப் பையன் கொடுத்தான் என்று யெர்பா மாத்தே என்ற மூலிகை டீ, ஆரஞ்சு வாசனை போட்டது, இரண்டு பாக்கெட் கொண்டுவந்தான். மூலிகைதானே என்று காபி டீயை அறவே விட்டுவிட்டு ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் இதையே குடிக்கிறேன், இஞ்சி டீ போல பாலில் கொதிக்கவிட்டு. கசப்பு தாங்கவில்லை, சர்க்கரை கூடப் போடவேண்டியிருக்கிறது. இதைச் சரியாக எப்படிப் போடுவது? உடம்புக்கு நல்லதா, எடை குறையுமா? ஐந்து மாதம் முழுகாமல் இருக்கும் மருமகளும் குடிக்கலாமா? மூன்று வாரமாகத் தூக்கம் சரியில்லை, விடியற்காலையில் கெண்டைக்கால் வேறு இழுக்கிறது. பாக்கெட்டில் எழுதியிருப்பது: மாத்தே இலை, ஆரஞ்சுத் தோல், புதினா, அதிமதுர வேர்.

பதில்: அம்மா, கெண்டைக்கால் இழுப்பதைக் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் முதலில் கண்ணில் பட்டது. பாக்கெட்டில் என்னென்ன இருக்கிறது என்று மகனைப் படிக்கச் சொல்லி எழுதி அனுப்பினீர்களே, அதற்கு உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் பதில் பாதிக்கு மேல் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

முதலில் அதிமதுரம். நம் பாட்டிமார் தொண்டைக் கட்டுக்கு ஒரு துண்டு வாயில் அடக்கிக்கொள்ளச் சொல்வார்களே, அதே வேர்தான், இரண்டு நாள் மூன்று நாள் என்றால் பயமில்லை. ஆனால் தினமும் நான்கு டம்ளர், மூன்று வாரம் என்று உள்ளே போனால் கதை வேறு. அதில் இருக்கும் கிளைசிரைசின் என்ற இனிப்புப் பொருள் சிறுநீரகத்தில் போய் உப்பைப் பிடித்துவைக்கும், பொட்டாசியத்தை வெளியே தள்ளும். உப்பு தேங்கினால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கினால் சதை இழுக்கும், உடம்பு அசந்து போகும், மிகவும் இறங்கினால் இதயத் துடிப்பே தாளம் தப்பும். இதோடு உங்கள் மாத்திரையில் இருக்கும் ஹைட்ரோகுளோரோதையசைடு நீரைப் போகவைக்கும் மருந்து, அதுவும் தன் பங்குக்குப் பொட்டாசியத்தை இறக்கக்கூடியதுதான். கூட இருக்கும் டெல்மிசார்டன் அதைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தும் என்றாலும், ஒரு பக்கம் கொதிப்புக்கு மாத்திரை போட்டுக்கொண்டு இன்னொரு பக்கம் கொதிப்பை ஏற்றும் வேரை டம்ளர் டம்ளராகக் குடிப்பது சரியாக வராது.

அதனால் அந்த இரண்டு பாக்கெட்டையும் இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். கொதிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம். இந்த வாரத்துக்குள் ரத்தத்தில் சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் மூன்றையும் பாருங்கள். பேரணாம்பட்டிலேயே பார்த்துவிடலாம், இதற்காக வேலூர் வரை வரவேண்டியதில்லை. பொட்டாசியம் 3.5-க்குக் கீழே இருந்தால் உங்கள் டாக்டரை உடனே பாருங்கள். நெஞ்சு படபடப்பு, நடக்கவே முடியாமல் கால் துவள்வது, தலைசுற்றி மயக்கம் வருவது, இவற்றில் ஏதாவது இருந்தால் பரிசோதனை முடிவுக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். அதிமதுரத்தின் வேலை நிறுத்திய மறுநாளே அடங்கிவிடாது, ஒன்றிரண்டு வாரம் இழுக்கும், அதற்குள் பி.பி. அளவு ஏறி இறங்கினால் கலங்க வேண்டாம், குறித்து மட்டும் வையுங்கள்.

எல்லாப் பழியையும் அதிமதுரத்தின் மேலேயே போட்டுவிடவும் மாட்டேன். நம் ஊர் வெயிலில் வியர்வை கொட்டினாலும் கால் இழுக்கும். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கு இரவில் காலை ஒரு நிலையில் வைக்க முடியாத குடைச்சல் வருவதும் உண்டு. ரத்தப் பரிசோதனை பார்த்தால்தான் எது என்று பிடிபடும்.

அப்புறம் அந்த "மூலிகை" என்ற வார்த்தை. ஸ்பானிஷ் மொழியில் யெர்பா என்றால் மூலிகை, மாத்தே என்பது தென் அமெரிக்கப் பழங்குடிகளின் கெச்சுவா மொழியில் குடுவைக்கான சொல்லிலிருந்து வந்தது, ஏனென்றால் இதைச் சுரைக்குடுக்கையில் போட்டுத்தான் குடிப்பார்கள். பராகுவே, தெற்கு பிரேசில், அர்ஜென்டினாவின் வடகிழக்கு மூலை, இதுதான் இந்த மரத்தின் பிறந்த மண், குவாரனி மக்கள் காலம் காலமாகக் குடித்துவந்த இலை. தேயிலைச் செடிக்கும் இதற்கும் உறவே கிடையாது, ஆனால் அதில் இருக்கும் அதே காஃபீன் இதிலும் இருக்கிறது. இதில் இருப்பது மாட்டீன், காஃபீன் இல்லை, அதனால் தூக்கத்தைக் கெடுக்காது என்று சொல்லி விற்பவர்கள் உண்டு, நம்பாதீர்கள், பெயர்தான் வேறு, சரக்கு ஒன்றுதான். இலை போடும் அளவைப் பொறுத்து ஒரு டம்ளருக்கு 30-லிருந்து 80 மி.கி. வரை வரும், டீக்குக் குறைவில்லை, திடமாகப் போட்டால் காபியைத் தொட்டு நிற்கும். நீங்கள் டீயை விடவில்லை அம்மா, வேறு டீக்கு மாறியிருக்கிறீர்கள். குடித்த காஃபீனில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், சாயங்காலம் ஆறு மணிக்குக் குடித்த டம்ளர் பதினொரு மணிக்கும் பாதி வேலை செய்துகொண்டிருக்கும். தூக்கம் கெட்டதற்கு வேறு காரணம் தேடும் முன் இதை விட்டுப் பாருங்கள்.

சிரியாக்காரப் பையனிடமிருந்து எப்படி வந்தது என்று சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒரு காலத்தில் சிரியாவிலிருந்தும் லெபனானிலிருந்தும் பிழைப்புக்காக அர்ஜென்டினா போனவர்கள் ஊர் திரும்பும்போது இந்தப் பழக்கத்தையும் கொண்டுவந்துவிட்டார்கள், இன்றைக்கு அர்ஜென்டினாவிடமிருந்து மாத்தே அதிகம் வாங்கும் நாடுகளில் சிரியாவும் ஒன்று. நம் பிள்ளைகள் வளைகுடாவிலிருந்து கஹ்வா என்ற அரபுக் காபியையும் பேரீச்சம்பழத்தையும் கொண்டுவருவது போலத்தான்.

இரும்புச்சத்து மாத்திரை விஷயம் இதைவிட முக்கியம். டீ காபியை எதற்காகக் குறைக்கச் சொன்னார்களோ அந்தக் காரணம் மாத்தேக்கும் அப்படியே பொருந்தும். துவர்ப்பைக் கொடுக்கும் பாலிஃபீனால்கள் இரும்பைக் குடலிலேயே பிடித்துக்கொள்ளும், பாலும் சேர்ந்தால் அதில் உள்ள கால்சியம் இன்னும் கொஞ்சம் தடுக்கும். மாத்திரையை எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போடுங்கள், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் டீ, காபி, மாத்தே, பால் எதுவும் வேண்டாம். சாப்பாட்டோடும் குடிக்க வேண்டாம், கீரையிலும் கேழ்வரகிலும் இருக்கும் கொஞ்ச இரும்பும் வீணாகும். 47 வயதில் 9.4 என்றால் மாத்திரை மட்டும் போதாது, ரத்தம் எங்கே போகிறது என்றும் பார்க்க வேண்டும். மாதவிலக்கில் அதிகம் படுகிறதா, மூலம் இருக்கிறதா என்று உங்கள் டாக்டர் கேட்கவில்லை என்றால் கூச்சப்படாமல் நீங்களே சொல்லுங்கள்.

மருமகளுக்கு இது வேண்டாம். முழுகாமல் இருப்பவர்களுக்கு எல்லா வழியிலும் சேர்த்து ஒரு நாள் காஃபீன் 200 மி.கி.க்குள் இருக்க வேண்டும், அந்த நேரத்தில் காஃபீன் உடம்பில் தங்கும் நேரமும் கூடிவிடும், அதிமதுரமோ கர்ப்ப காலத்தில் தவிர்க்க வேண்டிய ஒன்று. இதுவரை குடித்திருந்தாலும் அந்தப் பெண் பயந்துபோக வேண்டாம், இனி நிறுத்தினால் போதும், அடுத்த செக்கப்பில் சொல்லி பி.பி. மட்டும் பார்த்துக்கொள்ளட்டும்.

எடை? பசியைக் கொஞ்சம் மந்தமாக்குகிறது என்று சொல்லும் சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் நான்கு டம்ளருக்கும் கூடப் போடும் சர்க்கரையைக் கணக்குப் பார்த்தால் எடை எந்தப் பக்கம் போகும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, போடும் விதத்துக்கு வருகிறேன். உங்கள் பொட்டாசியமும் பி.பி.யும் சரியான பிறகு, அதிமதுரம் சேராத பாக்கெட்டாக இருந்தால், காலையில் ஒரு டம்ளர் குடிப்பதை நான் தடுக்க மாட்டேன். நானும் கேள்விப்பட்டதோடு நிற்காமல் போட்டுக் குடித்துப் பார்த்தவன்தான். பாக்கெட்டைப் பிரித்ததும் வெயிலில் காய்ந்த வைக்கோல் வாசனை, அதன் பின்னால் விறகடுப்புப் புகை லேசாக. இலையை நெருப்பில் வாட்டி, பல இடங்களில் விறகுப் புகையிலேயே காயவைப்பதால் வரும் மணம் அது. ஆரஞ்சுத் தோல் மேலே நிற்கும், அதைத் தாண்டி நாக்கில் முதலில் பச்சை இலைக் கசப்பு, முழுங்கியபின் கொட்டைப்பாக்கு மென்றது போல நாக்கை இழுக்கும் ஒரு துவர்ப்பு. எனக்குப் பிடித்திருந்தது. உங்களுக்குக் கசப்பு தாங்காததற்குக் காரணம் இலை இல்லை, கொதிக்கவிட்டதுதான். இது கொதிக்கக் கூடாத இலை, 70-லிருந்து 80 டிகிரி சூடு போதும். வீட்டில் வெப்பமானி வேண்டாம்: முக்கால் டம்ளர் கொதிநீரில் கால் டம்ளர் சாதாத் தண்ணீர் கலந்தால் ஏறக்குறைய அந்தச் சூடு வந்துவிடும். இலை டம்ளருக்கு ஒரு தேக்கரண்டி போதும். முதலில் இலை நனையும் அளவு பச்சைத் தண்ணீர் தெளித்து ஒரு நிமிடம் ஊறவிடுங்கள், பிறகு சூடான தண்ணீர், மூடி நான்கைந்து நிமிடம், வடிகட்டுங்கள், அவ்வளவுதான். பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்களுக்குச் சுலைமானி போடும் கை இருக்கிறது, அதே கைப்பக்குவம்தான், பால் இல்லாமல், கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சை. போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் கேன் தண்ணீரில் போடுங்கள், உப்புத் தண்ணீரில் மேலே ஆடை படர்ந்து வாசனை எழும்பாது. பாலோடு குடிப்பதும் தப்பில்லை, அர்ஜென்டினாவிலேயே பால் விட்டுக் குடிக்கிறார்கள், ஆனால் வடிகட்டிய பிறகு பாலை விடுங்கள், இலையைப் பாலில் வேகவைக்காதீர்கள்.

சுரைக்குடுக்கையும் உறிஞ்சிக் குடிக்கும் உலோகக் குழலும் வாங்கித் தருகிறேன் என்று மகன் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள். குடுக்கையில் 50 கிராம் இலையைத் திணித்துத் திரும்பத் திரும்ப வெந்நீர் ஊற்றி நாள் முழுக்க உறிஞ்சுவது அவர்கள் வழக்கம், அந்த 50 கிராமில் 500 மி.கி. காஃபீனுக்கு மேலேயே இருக்கலாம், கொதிப்பு இல்லாத ஆளுக்கே ஒரு நாள் அளவு 400 தான். தவிர, அந்தக் குழல் சூட்டை உதட்டில் ஆறவிடாமல் நேராகத் தொண்டைக்குக் கொண்டுபோகும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2016-இல் மாத்தேயை மறுபடி ஆராய்ந்தபோது, மிதமான சூட்டில் குடிக்கும் மாத்தே புற்றுநோய் உண்டாக்கும் என்று சொல்ல ஆதாரம் போதாது என்றது, அதே நேரம் 65 டிகிரிக்கு மேல் மிகச் சூடாகக் குடிக்கும் எந்தப் பானமும் உணவுக்குழாய்ப் புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்றது. இது மாத்தேக்கு மட்டும் சொன்னது இல்லை, பஸ் ஸ்டாண்டில் அவசரத்தில் தூக்கி ஊற்றிக்கொள்ளும் டீக்கும் சேர்த்துத்தான். நமக்குத்தான் டபரா இருக்கிறதே, நாலு தடவை ஆற்றுங்கள். எவர்சில்வர் டம்ளரைத் துணியில்லாமல் முழுக் கையால் பிடிக்க முடிகிறது என்றால் குடிக்கலாம்.

வெயில் காலத்துக்குக் குளிர்ந்த முறை ஒன்று உண்டு. பராகுவேயில் தெரெரே என்பார்கள், 2020-இல் யுனெஸ்கோ பண்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. மூலிகைகளை உரலில் இடித்துக் குளிர்ந்த தண்ணீரில் போட்டு, அந்தத் தண்ணீரை மாத்தே இலை மேல் ஊற்றிக் குடிப்பார்கள். நம் வீட்டில் பானைத் தண்ணீரில் நாலு புதினா இலையும் ஒரு துண்டு எலுமிச்சைத் தோலும் தட்டிப் போட்டால் அதே ருசி கிட்டத்தட்ட வந்துவிடும், மணத்துக்காகக் கடையில் என்னென்னவோ சேர்த்த பாக்கெட்டே வாங்க வேண்டாம். குளிர்ந்த தண்ணீரிலும் காஃபீன் இறங்கும் என்பதால் அந்த ஒரு டம்ளர் கணக்கு இதற்கும் உண்டு. வேலூர் வெயிலுக்கு மற்ற நேரமெல்லாம் மோரும் கூழும்தான், மோரில் உப்பைக் கொஞ்சமாகப் போட்டு.

மறுபடி ஆரம்பிக்கும் முதல் நாள், குடிக்கும் முன் ஒரு தடவையும் குடித்து ஒரு மணி நேரம் கழித்து ஒரு தடவையும் பி.பி. பாருங்கள். மேல் எண் பத்து ஏறினாலே இது உங்களுக்கு ஒத்துவரவில்லை என்று விட்டுவிடுங்கள். மகன் திரும்பப் போய் வேறு பாக்கெட் அனுப்புவதாக இருந்தால், லிக்கரிஸ் என்றோ, அரபியில் இர்க் சூஸ் என்றோ எழுதியிருந்தால் எடுக்க வேண்டாம் என்று இப்போதே போனில் சொல்லிவிடுங்கள். பொட்டாசியம் எவ்வளவு வந்தது என்று எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.