விட்டுக்கொடுப்பதா, விட்டுவிடுவதா?

கேள்வி: “ரிமோட்டுக்காகத் தம்பியோடு சண்டை, கடைசியில் நானே விட்டுக்கொடுத்தேன்” என்று கட்டுரையில் எழுத நினைத்து, ‘ஐ கேவ் அப் டு மை பிரதர்’ என்று எழுதினேன். டீச்சர் சிவப்புப் பேனாவால் கோடு போட்டுவிட்டார், காரணம் சொல்லவில்லை. எது சரி?
(சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகும் மாணவி, ஹட்டன்)

பதில்: கோடு போட்டது சரிதான் மகள், காரணத்தையும் ஒரு வரி எழுதியிருக்கலாம். நீங்கள் எழுத வேண்டியது ‘ஐ கேவ் இன் டு மை பிரதர்’. ‘கிவ் இன்’ என்றால் எதிரே யாரோ நிற்கிறார்கள், இழுபறி நடக்கிறது, கடைசியில் நீங்கள் மசிகிறீர்கள். எதிரே நிற்பது ஆளாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, ஆசையாக இருக்கலாம், மிரட்டலாக இருக்கலாம், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் இரண்டாம் தரம் நீட்டிய லட்டாகவும் இருக்கலாம். யாருக்கு, எதற்கு மசிந்தீர்கள் என்று சொல்ல ‘டு’ வரும்.

‘கிவ் அப்’புக்கு எதிராளியே தேவையில்லை. கையில் இருப்பதை, அல்லது இவ்வளவு நாளும் செய்துவந்ததை விடுகிறீர்கள், அவ்வளவுதான். அப்பா சிகரெட்டை விட்டார் என்றால் ‘மை ஃபாதர் கேவ் அப் ஸ்மோக்கிங்’. பின்னால் வரும் வினையில் ‘இங்’ இருக்க வேண்டும், ‘கேவ் அப் டு ஸ்மோக்’ என்று எழுதினால் இன்னொரு சிவப்புக் கோடு. ஆகவே எழுதுமுன் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: யாரிடம் மசிந்தேன் என்று சொல்லப்போகிறேனா, எதை விட்டேன் என்று சொல்லப்போகிறேனா? முதலாவது என்றால் ‘இன்’, இரண்டாவது என்றால் ‘அப்’.

இப்போது ஒரு கெட்டிக்காரப் பிள்ளை, “கொழும்பு பஸ்ஸில் அண்ணன் ஒரு பாட்டிக்கு சீட்டைக் கொடுத்தானே, அது ‘ஹி கேவ் அப் ஹிஸ் சீட் டு அன் ஓல்ட் லேடி’தானே, அதில் ‘டு’வும் இருக்கிறதே” என்று கேட்கும். கேட்கட்டும். அங்கே எதை விட்டான் என்பது நடுவில் இருக்கிறது, சீட். உங்கள் வாக்கியத்தில் அதுதான் காணாமல் போயிருக்கிறது. ‘ஐ கேவ் அப் தி ரிமோட் டு மை பிரதர்’ என்று எழுதியிருந்தால் டீச்சருக்குக் கோடு போட இடமில்லை. ‘இட்’ என்று எழுதும்போது மட்டும் கவனம்: ‘கேவ் இட் அப்’ சரி, ‘கேவ் அப் இட்’ பிழை. ‘கேவ் இன் டு இட்’ என்பதோ எப்போதும் அதே வரிசையில்தான்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பலரும் வழுக்கும் இடம் இது. நம்மிடையே விட்டுக்கொடுப்பது நல்ல குணம், விட்டுக்கொடுத்தவர் கெட்டுப்போவதில்லை என்று வீட்டில் சொல்லியே வளர்க்கிறார்கள். ‘கிவ் இன்’ அப்படிப் பாராட்டுச் சொல் அல்ல, தோற்றுப்போன வாடை அதில் எப்போதும் கொஞ்சம் அடிக்கும். பாசத்தால் கொடுத்தீர்கள் என்றால் ‘ஐ லெட் மை பிரதர் ஹேவ் இட்’ என்று எழுதுங்கள். “எங்கம்மா எங்கள யாருகிட்டயும் விட்டுக்கொடுக்க மாட்டாங்க” என்கிறோமே, அதை ‘கிவ் இன்’, ‘கிவ் அப்’ பக்கமே கொண்டுபோக வேண்டாம். அது ‘ஷி ஆல்வேஸ் ஸ்டிக்ஸ் அப் ஃபார் அஸ்’.

கேள்வி: வீதிப் பலகையில் ‘கிவ் வே’ பார்த்துப் பழகியவன் நான். அமெரிக்கப் படங்களில் ‘யீல்ட்’ என்று போட்டிருக்கிறார்கள். அதுவும் இதுவும் ஒன்றா? அப்புறம் மழைக்காலச் செய்தியில் ‘தி ஹில்சைட் கேவ் வே’ என்று வாசித்தேன். மலை யாருக்கு வழி விட்டது?
(வான் சாரதி, நுவரெலியா)

பதில்: பலகைகள் இரண்டும் ஒன்றே. ஏறி வரும் வண்டிக்கு இறங்கும் வண்டி ஒதுங்கி வழிவிடுவது உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, அதுதான் ‘கிவ் வே டு தி வெஹிகிள் கமிங் அப்’.

மலை யாருக்கும் வழிவிடவில்லை. பாரத்தைத் தாங்கிக்கொண்டிருந்த ஒன்று இனித் தாங்க முடியாமல் சரிந்தாலும் ‘கேவ் வே’தான். தடுப்புச்சுவர், பாலம், லயத்துக் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) கூரை, பயத்தில் மடங்கும் முழங்கால், எல்லாவற்றுக்கும் பொருந்தும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதே, அதை எழுதும்போது ‘தி ஸ்லோப் கேவ் வே ஆஃப்டர் ஹெவி ரெய்ன்’ என்று எழுதினால் பிழையில்லை. இந்தப் பொருளில் பின்னால் ‘டு’ வராது, யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை அல்லவா.

மூன்றாவது பொருள் ஒன்று இருக்கிறது, நம் வரலாறே அதற்கு உதாரணம். 1869இல் இலைநோய் தென்பட்டு, அதன்பின் கோப்பித் தோட்டங்கள் அழிந்து, அந்த மலைகளில் தேயிலை வந்தது. ‘கோஃபி கேவ் வே டு டீ’. ஒன்று போய் அதன் இடத்தில் இன்னொன்று வருவது. காலைப் பனி விலகி வெயில் வந்தாலும் இதே அமைப்பில் எழுதலாம்.

‘யீல்ட்’ என்ற சொல்லைத் தோட்ட அலுவலகத்தில் வேறு விதமாகக் கேட்டிருப்பீர்கள், ஹெக்டேயருக்கு இத்தனை கிலோ என்று விளைச்சலைச் சொல்வது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு ‘செலுத்துவது’ என்றுதான் பொருள். மண் விளைச்சலைச் செலுத்துகிறது, சாரதி வழியைச் செலுத்துகிறார். நம் பக்கத்தில் இரண்டையும் வாங்குவது கஷ்டம்தான்.

கேள்வி: சம்பளப் பேச்சுவார்த்தை பற்றி ஆங்கிலத்தில் அறிக்கை எழுத வேண்டியிருக்கிறது. ‘பேக் டவுன்’, ‘பேக் அவுட்’, ‘கிளைம் டவுன்’, ‘கேவ் இன்’ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதைப் போடுவது?
(தொழிற்சங்க இளைஞர், பண்டாரவளை)

பதில்: யார் எழுதுகிறீர்கள், யாரைப் பற்றி என்பதைப் பொறுத்தது, ஏனென்றால் இந்தச் சொற்கள் எதுவும் நடுநிலையானவை அல்ல.

பிடித்த பிடியை, எதிர்ப்பு வந்ததும் தளர்த்துவது ‘பேக் டவுன்’. ‘தி கம்பனீஸ் ரிஃபியூஸ்ட் டு பேக் டவுன்’ என்றால் கம்பனிகள் மசிய மறுத்தன. ‘கிளைம் டவுன்’ நம் பேச்சில் அப்படியே இருக்கிறது, “இறங்கி வந்தார்கள்” என்கிறோமே அதுதான், பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அதிகம். ‘பேக் அவுட்’ முற்றிலும் வேறு: கொடுத்த வாக்கிலிருந்து நழுவுவது. கையெழுத்துப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அன்றைக்கு வராமல் இருந்தால் ‘பேக்ட் அவுட்’. இதையும் ‘பேக் டவுன்’னையும் மாற்றிப் போட்டால் வழக்கு வரலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

‘கேவ் இன்’னில் ஒரு வேடிக்கை. தமிழில் எழுதினால் ‘கிவ் இன்’னின் இறந்தகாலமும் இதுவும் ஒரே எழுத்து, காதால்தான் பிரிக்க முடியும். குகைக்கு எழுதும் அதே ‘கேவ்’தான் இதிலும். சுரங்கத்தின் கூரை சட்டென்று உள்ளே விழுவது போல, நெருக்கடி தாங்காமல் ஒரேயடியாகச் சரணடைவது. இறந்தகாலத்தில் ‘கேவ்ட் இன்’. எதிர்த்தரப்பைப் பற்றி எழுதினால் ஏளனம், உங்கள் தலைவரைப் பற்றி எழுதினால் அடுத்த கூட்டத்தில் உங்களுக்கு நாற்காலி இருக்காது.

இவற்றுக்கு எதிர்ப்பக்கத்தையும் கற்றுக்கொள்ளுங்கள், அறிக்கைக்கு அதுதான் அதிகம் தேவைப்படும். தோட்டத் தொழிலாளர்கள் நாட்சம்பளமாக ஆயிரம் ரூபாய் வேண்டும் என்று வருடக்கணக்கில் கேட்டு 2021இல் அது கிடைத்தது: ‘தி வேர்க்கர்ஸ் ஹெல்ட் அவுட் ஃபார் 1,000’. ‘ஹோல்ட் அவுட் ஃபார்’ என்றால் குறைத்து வாங்க மாட்டோம் என்று நிற்பது. 2024 மே மாதத்தில் 1,700 என்று அறிவிப்பு வந்து, கம்பனிகள் நீதிமன்றம் போய், செப்டெம்பரில் 1,350இல் வந்து நின்றதை எழுத ‘செட்டில் ஃபார்’ இருக்கிறது. கேட்டது கிடைக்காமல் கிடைத்ததோடு அமைவது என்று அதற்குப் பொருள். தொழிலாளர்கள் உண்மையில் அமைந்துவிட்டார்களா என்பதை நீங்களே தீர்மானித்து எழுதுங்கள், என் கருத்தில் அந்தச் சொல் அங்கே பொருந்தாது.

கேள்வி: கணிதப் பாடத்தில் மகன் தேறமாட்டான் என்று ரிப்போர்ட்டில் இல்லை, ஆனால் சந்திப்பில் ‘ஐ ஹேவ் கிவன் அப் ஆன் ஹிம்’ என்று ஆசிரியர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அர்த்தம் என்ன?
(ஒரு தாய், தலவாக்கலை)

பதில்: அவனைப் பற்றிய நம்பிக்கையை விட்டுவிட்டேன் என்று அர்த்தம் அம்மா. ‘ஆன்’ சேர்ந்தால் ஆள் மீதான நம்பிக்கை போய்விட்டது என்று ஆகும். அதற்கு ‘பட் ஐ ஹேவ்ன்ட்’ என்று பதில் சொல்லிவிட்டு மகனுக்கு வேறு டியூஷன் பாருங்கள்.

கேள்வி: பரீட்சை முடிவில் மேற்பார்வையாளர் ‘கிவ் இன் யுவர் பேப்பர்ஸ்’ என்றார். யாரிடம் தோற்க வேண்டும்?
(உயர்தர மாணவன், பதுளை)

பதில்: யாரிடமும் இல்லை. பிரிட்டிஷ் வழக்கில் விடைத்தாளையோ விண்ணப்பத்தையோ ஒப்படைப்பதும் ‘கிவ் இன்’தான். ‘ஹேண்ட் இன்’ என்றும் சொல்வார்கள். பேப்பரைக் கொடுத்துவிட்டு பஸ்ஸைப் பிடியுங்கள் தம்பி.