ஒரே இரவில் சியோல் போக முடியாது, டீச்சர்

கேள்வி: ஐயா, நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சிறுகதைப் போட்டிக்கு ஒரு கதை எழுதியிருக்கிறேன். கிம் என்ற வட கொரிய இளைஞன் இருட்டில் எல்லை வேலியைத் தாண்டுகிறான். விடியும்போது தென் கொரியாவில் நின்றுகொண்டு, ஊரில் இருக்கும் பார்க் என்ற அக்காவுக்குப் போன் போட்டு அழுகிறான். என் பேரன் படித்துவிட்டு, "இவ்வளவு சுலபமென்றால் எல்லாரும் ஓடியிருப்பார்களே, பாட்டி" என்கிறான். எங்கே திருத்துவது?

பதில்: பேரன் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறான். முதலில் அந்த வேலியை எடுத்துவிடுங்கள், டீச்சர். இரண்டு கொரியாவுக்கும் நடுவே சுமார் 4 கிலோமீட்டர் அகலத்துக்குக் கண்ணிவெடிகள் புதைந்து கிடக்கின்றன, இரு பக்கமும் ராணுவம். அந்த வழியாக வந்தவர்கள் மிகக் குறைவு. 2017 நவம்பரில் ஒரு வட கொரியச் சிப்பாய் எல்லையில் உள்ள பன்முன்ஜோமில் ஜீப்பை விட்டு இறங்கி ஓடினார். சுட்டது அவருடைய சொந்தப் படை. பல குண்டுகள் பாய்ந்தும் உயிர் பிழைத்தார்.

மற்றவர்கள் தெற்கே போக முதலில் வடக்கே போகிறார்கள். சீன எல்லையில் யாலு, தூமன் என்று இரண்டு ஆறுகள். தூமன் சில இடங்களில் நம் ஊர் ஆற்றைப் போலக் குறுகலானது, குளிர்காலத்தில் உறைந்துவிடும்.

சரி, கிம் அந்தக் கரைக்கு எப்படி வந்தான்? வட கொரியாவில் வேறு மாவட்டத்துக்குப் போகவே அனுமதிச் சீட்டு வேண்டும். இருபது முப்பது வீட்டுக்கு ஒரு தலைவி இருப்பார். யார் வீட்டில் புது ஆள் படுத்தார், யார் இரவில் வரவில்லை என்பதெல்லாம் அவர் காதுக்குப் போகும். 1948 அவசரகாலம் உங்கள் வட்டாரத்தில் நடந்த கொலைகளோடு தொடங்கியது, உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பால்மரம் வெட்டப் போகும்போது தோட்ட வாசலில் வாளியைக் கவிழ்த்து, காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போகிறதா என்று பார்ப்பார்கள் என என் பாட்டி சொல்வார். அந்த வாசல் நாடு முழுக்க இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். 2020ல் கோவிட் வந்ததும் எல்லைக்கு அருகே வருபவரைச் சுடவும் உத்தரவு போட்டார்கள். தென் கொரியாவுக்கு 2009ல் 2,914 பேர் வந்து சேர்ந்தார்கள். 2021ல் வந்தது 63 பேர்.

ஆற்றைத் தாண்டியதும் கதை முடிவதில்லை. உண்மையில் அங்கேதான் தொடங்குகிறது. சீனா 1982லேயே அகதிகள் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடு. ஆனாலும் இவர்களை அகதிகளாக ஏற்பதில்லை, பிடித்தால் திருப்பி அனுப்பிவிடும். திரும்பியவருக்கு விசாரணை, அடி, உழைப்பு முகாம். தென் கொரியா வந்து சேர்ந்தவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். அவர்களில் பலரைச் சீனக் கிராமங்களில் மனைவியாக விற்றிருக்கிறார்கள். ரயில் டிக்கெட்டுக்கு அடையாள அட்டை வேண்டும், முகத்தைப் படிக்கும் கேமரா வேறு. அதனால் இடைத்தரகர் இல்லாமல் நகர முடியாது. அவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது என்று உங்கள் கதையில் ஒரு வரியாவது வேண்டும்.

அப்புறம் லாவோஸ், மேக்கோங் ஆற்றில் படகு, தாய்லாந்துக் கரை. எனக்குப் பிடித்த காட்சி இதுதான். இத்தனை ஆயிரம் கிலோமீட்டர் போலீசுக்கு ஒளிந்து வந்தவர்கள், கரையேறியதும் போலீஸ் நிலையம் எங்கே என்று தேடிப்போய் உட்கார்ந்துகொள்கிறார்கள். தாய்லாந்தும் நம் நாட்டைப் போல அகதிகள் ஒப்பந்தத்தில் கையெழுத்திடவில்லை. ஆனால் இவர்களை வடக்கே அனுப்பாமல் தென் கொரியாவுக்கே அனுப்புகிறது. தென் கொரியச் சட்டப்படி வட கொரியரும் அந்நாட்டின் குடிமக்கள்தான். அங்கே உளவுத்துறை விசாரணை முடிந்தபின் ஹனாவோன் என்ற மையத்தில் மூன்று மாதப் பயிற்சி. ஏடிஎம்மில் பணம் எடுப்பதுகூடச் சொல்லித் தருவார்கள்.

போன் காட்சியைத்தான் முழுவதும் மாற்ற வேண்டும். வட கொரியாவில் சாதாரண மக்களின் கைபேசியிலிருந்து வெளிநாட்டுக்குப் பேச முடியாது, வெளியிலிருந்தும் அழைக்க முடியாது. எல்லை ஊர்களில் கடத்தி வந்த சீனக் கைபேசி உண்டு. சிக்னலைத் தேடிப் பிடிக்கும் கருவிகளும் உண்டு. அக்கா தரகரோடு மலையடிவாரம் வரை வந்து, ஓரிரு நிமிஷம் பேசிவிட்டு ஓட வேண்டும். அழ நேரம் இருக்காது. தம்பி ஓடிப்போனது தெரிந்தால் முதலில் விசாரணைக்குப் போவதும் அவள்தான். நானாக இருந்தால் கதையை அவள் பக்கமிருந்து எழுதுவேன்.

இன்னொரு யோசனை. சரவாக்கில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் வட கொரியர்கள் வேலை செய்தார்கள். 2014ல் அங்கே நடந்த வெடிவிபத்தில் அவர்களில் ஒருவர் இறந்தும் போனார். 2017 வரை நாமும் விசா இல்லாமல் அந்த நாட்டுக்குப் போய்வந்தோம். அந்த மார்ச் மாதம் மலேசியர் ஒன்பது பேர் மூன்று வாரத்துக்கு மேல் வெளியேற முடியாமல் பியோங்யாங்கில் மாட்டிக்கொண்டார்கள். உங்கள் கிம்மைச் சரவாக்கில் இறக்கிவிட்டால் எழுதுவதும் சுலபம்.

கடைசியாக, தம்பி கிம் என்றால் அக்கா பார்க்காக இருக்க முடியாது. அது அப்பா வழிக் குடும்பப் பெயர், கல்யாணம் ஆனாலும் பெண்ணுக்கு மாறாது. இருவரும் கிம்தான். அவன் அவளை 'நூனா' என்று கூப்பிடட்டும்.