முதல் கோப்பை மட்டும் ஏன் நுரைக்கிறது? வீட்டு டிராஃப்ட் பீர் பெட்டி: கேள்வி பதில்

பழைய ஃபிரிட்ஜின் தலையில் துளை போட்டு, டவர் (திறப்பானைத் தாங்கும் நிமிர்ந்த தூண்) நட்டு, உள்ளே கெக் (பீர் நிரப்பும் உலோகப் பீப்பாய்) வைத்து, பீரைத் தள்ளக் கரியமில வாயு சிலிண்டரை அதனோடு இணைத்து, திறப்பானைத் திறந்து கோப்பையில் பீர் பிடிக்கும் அமைப்பு: அதுதான் கெக்ரேட்டர். இதுவரை மூன்று கட்டியிருக்கிறேன். முதலாவது பழைய இரும்புக்குப் போய்விட்டது. ஏன் என்று இரண்டாவது பதிலில் சொல்கிறேன். கேள்விகளை வந்த வரிசையிலேயே எடுத்துக்கொள்கிறேன்.

சிறிய ஃபிரிட்ஜ் ஒன்று சும்மா கிடக்கிறது. அதுவே போதுமா, மேல்மூடி ஃப்ரீசர் வாங்க வேண்டுமா?

முதலில் அளவெடுங்கள். வீட்டில் பீர் வடிப்பவர்கள் அதிகம் பயன்படுத்தும் 19 லிட்டர் கெக்கின் விட்டம் ஏறக்குறைய 22 செ.மீ., உயரம் 60 செ.மீ.க்கு முன்பின். அதன் தலையில் இணைப்பைச் செருகவும் குழாய் மடங்காமல் வளையவும் இன்னும் 10 செ.மீ. வேண்டும். சிறிய ஃபிரிட்ஜ்களில் பின்பக்க அடியில் கம்ப்ரசருக்காக ஒரு மேடு இருக்கும். தரையில் இருக்கும் இடத்தை அது பாதியாக்கிவிடும். அட்டையில் 22 செ.மீ. வட்டம் வெட்டி உள்ளே போட்டு, கதவைச் சாத்திப் பாருங்கள். கதவின் உட்தட்டுகளை மறந்துவிட்டுக் கெக் வாங்கி வந்து விழிப்பவர்கள் ஏராளம்.

ஃப்ரீசரில் மூன்று நான்கு கெக் நிற்கும். ஆனால் அதன் இயல்பு உறையவைப்பது. வெளியே தனியாக ஒரு தெர்மோஸ்டாட் மாட்டாவிட்டால் பீர் கட்டியாகிவிடும். தெர்மோஸ்டாட்டின் உணர்முனையைக் காற்றில் தொங்கவிடாமல் தண்ணீர் நிரப்பிய புட்டியில் முக்கி வையுங்கள். கம்ப்ரசர் நிமிடத்துக்கொரு முறை முனகாது.

மேலே துளை போடக் கை நடுங்குகிறது, அண்ணா. எங்கே போடலாம்?

நடுங்கட்டும், அது நல்லதுதான். எனக்கு நடுங்கவில்லை. நேராக டிரில்லை இறக்கினேன். ‘உஸ்’ என்று ஒரு சத்தம். அரை நிமிடத்தில் ஃபிரிட்ஜ் வெறும் அலமாரியாகிவிட்டது. குளிர்வாயு ஓடும் மெல்லிய குழாய்கள் பல மாடல்களில் சுவருக்குள் புதைந்திருக்கும், சிலவற்றில் மேல்தகட்டுக்கு அடியிலும். இப்போது வரும் ஃபிரிட்ஜ்கள் பலவற்றில் இருப்பது ஐசோபியூட்டேன். அது தீப்பிடிக்கும் வாயு. ஆகவே இது பணம் போகும் விஷயம் மட்டும் அல்ல.

ஃபிரிட்ஜை ஓடவிட்டு, சோள மாவை ஸ்பிரிட்டில் குழைத்து மேல்தகட்டில் மெல்லிதாகப் பூசுங்கள். சூடான குழாய் ஓடும் தடத்தில் பூச்சு முதலில் உலர்ந்து வெள்ளைக் கோடாகத் தெரியும். கோட்டைப் பென்சிலால் குறித்துக்கொண்டு, மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, வெளித்தகட்டை மட்டும் வெட்டுங்கள். உள்ளே மஞ்சளாக இருக்கும் நுரைப்பஞ்சை மழுங்கிய குச்சியால் தோண்டி எடுங்கள். குழாயோ ஒயரோ இல்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் உள்பக்கப் பிளாஸ்டிக்கைத் தொட வேண்டும்.

ஒவ்வொரு முறையும் முதல் கோப்பை பாதி நுரை. இரண்டாவது நன்றாக வருகிறது. வாயு அழுத்தத்தை 12 பிஎஸ்ஐயிலிருந்து (அழுத்த அலகு) 6க்குக் குறைத்தேன், இன்னும் மோசம். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் கோளாறா?

ரெகுலேட்டரை விட்டுவிடுங்கள், பாவம். நுரை வந்தவுடன் எல்லோருடைய கையும் அந்தத் திருகுக்குத்தான் போகிறது. பத்தில் எட்டுப் பேருக்குக் குற்றவாளி அழுத்தம் அல்ல, வெப்பம். உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது: இரண்டாவது கோப்பை நன்றாக வருகிறதே!

ஒரு மணி நேரம் திறப்பானைத் தொடாமல் இருங்கள். பிறகு அடுத்தடுத்து இரண்டு கோப்பை பிடித்து இரண்டிலும் சமையல் வெப்பமானியை வைத்துப் பாருங்கள். என் இரண்டாவது பெட்டியில் முதல் கோப்பை 11 டிகிரி, இரண்டாவது 4 டிகிரி. கெக் குளிரில் இருக்கிறது; டவருக்குள் நிற்கும் அந்த அரை மீட்டர் குழாய் அறைச் சூட்டில் நிற்கிறது. குளிர்ந்த பீர் வாயுவைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சூடேறினால் கைவிட்டுவிடும். அந்தக் கொஞ்சம் பீர் வெளியேறி, குழாயும் குளிர்ந்த பிறகு எல்லாம் சரியாகிவிடுகிறது.

அழுத்தத்தைக் குறைத்தால் ஏன் மோசமாகிறது? 4 டிகிரியில் 12 பிஎஸ்ஐ என்பது, ஒரு லிட்டர் பீரில் சுமார் இரண்டரை லிட்டர் கரியமில வாயுவைக் கரைத்து வைத்திருக்கும் சமநிலை. 6க்கு இறக்கினால் கூடுதல் வாயுவுக்கு உள்ளே இடமில்லை. குழாயிலேயே குமிழ்களாகப் பிரிந்து நிற்கும். கோப்பையில் சீறிக்கொண்டு விழும். ஒரு வாரம் கழித்து மிஞ்சிய பீர் உப்புச்சப்பில்லாமல் போகும்.

12க்கே திருப்பி வையுங்கள். 12 வோல்ட் சிறிய மின்விசிறி ஒன்றை, கணினிக்குள் இருப்பதைப் போன்றது, ஃபிரிட்ஜின் அடியில் வைத்து, அதன் காற்றை ஒரு குழாய் வழியாக டவரின் உச்சிவரை, திறப்பானின் கழுத்துவரை கொண்டுபோங்கள். காற்று தானாகக் கீழே திரும்பிவிடும். டவருக்குள் பஞ்சு மட்டும் அடைப்பதை நான் நம்புவதில்லை. பஞ்சு சூட்டைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. விடிவதற்குள் உள்ளே அறைச் சூடுதான். செப்புக்குழாய்க்குள் பீர் குழாயைச் செருகுவது பலன் தரும், செப்பின் கீழ்முனை குளிர்ப்பகுதியில் நன்றாக இறங்கியிருந்தால்.

விசிறி வைத்தாயிற்று. இப்போது எல்லாக் கோப்பையும் ஒரே மாதிரி நுரைக்கிறது!

இது வேறு நோய். குழாய் குட்டையாக இருக்கும். பெட்டியோடு வரும் குழாய் பெரும்பாலும் ஒன்றரை மீட்டர்தான். கெக்கிலிருந்து வரும் தள்ளலைக் குழாயின் உரசல் தின்று, பீர் கோப்பைக்கு நிதானமாக வந்து சேர வேண்டும். உள்விட்டம் 5 மி.மீ.க்குச் சற்றுக் குறைவான குழாயில் 3 மீட்டரில் தொடங்குங்கள். மிக மெதுவாக ஊற்றினால் 15 செ.மீ. வெட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது என்பதை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேகத்தைக் குறைக்கத் திறப்பானைப் பாதி மட்டும் திறக்கலாமா?

கூடாது. இடுக்கில் பிதுங்கும் பீர் நுரையாகத்தான் வரும். ஒரே இழுப்பில் முழுவதும் திறங்கள், கோப்பையைச் சாய்த்துப் பிடியுங்கள்.

சிலிண்டர் அழுத்தமானியின் முள் இரண்டு மாதம் அசையவே இல்லை. நேற்று மடமடவென்று விழுந்துவிட்டது. வாயு நிரப்பியவர் ஏமாற்றிவிட்டாரா?

இல்லை. சிலிண்டருக்குள் கரியமில வாயு திரவமாக இருக்கிறது. கடைசித் துளி திரவம் தீரும்வரை முள் அதே இடத்தில் நிற்கும்; தீர்ந்தவுடன் சரியும். எவ்வளவு மிச்சம் என்று தெரிய எடை போடுவதுதான் வழி. காலி எடை சிலிண்டரின் கழுத்தில் பொறித்திருக்கும். சிலிண்டரை ஃபிரிட்ஜுக்குள் வைத்தால் முள் கொஞ்சம் இறங்கும், அது குளிரின் வேலை.

2.3 கிலோ வாயு பத்து கெக்குக்காவது வர வேண்டும். இரண்டிலேயே தீர்ந்தால் கசிவு. இணைப்புகள் எல்லாவற்றிலும் சோப்பு நீர் தடவிப் பாருங்கள், முதலில் சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் இடத்தில். அந்தச் சிறிய வாஷரைப் போட மறந்து ஒரே இரவில் முழுச் சிலிண்டரையும் காற்றில் விட்டவன் நான்.

படுக்கையறையில் வைக்கலாமா?

வேண்டாம். அந்த 2.3 கிலோவும் கசிந்தால் 1,200 லிட்டருக்கு மேல் வாயு. பத்துக்குப் பத்தடி மூடிய அறையில் அது காற்றில் 5 சதவீதம் வரும். மூச்சு முட்டவும் மயக்கம் வரவும் அது போதும். காற்றைவிடக் கனமானது, தாழ்வாகத் தேங்கும். காற்றோட்டமான இடம் பாருங்கள். சிலிண்டரை நிமிர்த்தி, சாயாமல் கட்டி வையுங்கள்.

நைட்ரஜனில் வரும் கருப்பு ஸ்டவுட் பீரையும் இதிலேயே பிடிக்கலாமா?

ஃபிரிட்ஜ் அதுவே போதும், மற்றவை வேறு: முக்கால் பங்கு நைட்ரஜன் கலந்த வாயு, அதற்கான ரெகுலேட்டர், உள்ளே நுண்துளைத் தட்டு உள்ள திறப்பான், 30 பிஎஸ்ஐ அளவில் அழுத்தம்.

பீர் சில நாளாக வெண்ணெய் போல மணக்கிறது. கெக் கெட்டுவிட்டதா?

கெக்கைக் கொட்டுவதற்கு முன் திறப்பானைக் கழற்றிப் பாருங்கள். பீர் வெளியே விழும் அதன் மூக்கின் உட்பக்கத்தில் விரலை விட்டால் பழுப்பாக, கொழகொழவென்று ஏதோ ஒட்டும். வெண்ணெய் வாடையும் புளிப்பும் பெரும்பாலும் அங்கே குடியிருக்கும் பாக்டீரியாவின் கைங்கரியம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பீர் குழாய்க்கான காரத் திரவத்தை உள்ளே செலுத்தி, கால் மணி நேரம் ஊறவிட்டு, தண்ணீர் வழவழப்பின்றி வரும்வரை அலசுங்கள். காரம் கையை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிறகு கெக்கை மாட்டி, குழாயில் நின்ற தண்ணீர் கலந்து வரும் முதல் அரைக் கோப்பையைக் கொட்டிவிட்டு, அடுத்ததைச் சுவைத்துப் பாருங்கள். அப்போதும் வெண்ணெய் மணந்தால் கெக்கைச் சந்தேகிக்கலாம்.