இத்தாலியில் 11 நாளில் ஏழு ஊர்களை ரயிலிலும் பஸ்ஸிலுமே சுற்ற முடியுமா? வயதான அம்மாவும் வருகிறார்.

முடியும். ஆனால் ஏழு ஊருக்கு ஏழு முறை பெட்டி கட்டாதீர்கள். மூன்று இடத்தில் அறை எடுங்கள், மற்றதைக் கைவீசிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மிலான், வெனிஸ், புளோரன்ஸ், பீசா, சிங்க்வே தெர்ரே, ரோம், நேபிள்ஸ் என்று நீங்கள் போட்டிருக்கும் வரிசையைப் பார்த்ததும் என் வீட்டுக்காரரின் எக்செல் தாள் ஞாபகம் வந்தது. பத்து இரவு, ஆறு ஹோட்டல். எந்த வண்டி எத்தனை மணிக்கு, எந்த ஸ்டேஷனில் எத்தனை நிமிடம் என்று கலர் கலராக இருக்கும். உறவுக்காரர்கள் எல்லோருக்கும் அதை அனுப்பியும் வைத்தார்.

"பேக்கேஜ் டூரில் போயிருக்கலாமே" என்று இங்கே யாராவது கேட்பீர்கள். எங்கள் ஊரில் ஒரு டூர் ஆபீஸ் சார்தாம் யாத்திரைக்கு என்று 40,000 ரூபாய் முன்பணம் வாங்கியது. பயணம் ரத்தானது. பணம் "அடுத்த மாதம்", "ஆடிட்டர் வரட்டும்" என்று இரண்டு வருடமாக வந்துகொண்டே இருக்கிறது. போன மாதம் போனேன், அந்த இடத்தில் இப்போது செருப்புக்கடை. சரி, அதை விடுங்கள். நாங்கள் ரயிலில் போனது காசு மிச்சம் பிடிப்பதற்காக இல்லை என்று காட்டத்தான் சொன்னேன்.

நாங்கள் மூன்று பேர். நான், அவர், 71 வயது அத்தை. வெனிஸ் முடிந்து, ஐந்தாம் ஆறாம் நூற்றாண்டு மொசைக் ஓவியங்களுக்காக ராவென்னாவில் ஓர் இரவு. அது வீண் இல்லை. கல்லா பிளாசிதியா மண்டபத்தின் நீலக் கூரையை அத்தை கழுத்து வலிக்கப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள்தான் வினை. ராவென்னாவிலிருந்து பொலோனியாவுக்குச் சாதாரண வண்டி, அங்கிருந்து புளோரன்ஸுக்கு அதிவேக வண்டி, நடுவில் 12 நிமிடம். "ஈரோடு ஜங்ஷன்ல பிளாட்பாரம் மாற அஞ்சு நிமிஷம் போதும், இங்கே பன்னெண்டு இருக்கு" என்றார் இவர்.

முதல் வண்டி நேரத்துக்கு வந்தது, அதைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த வண்டிக்கு பிளாட்பாரம் 17. பொலோனியாவில் 16 முதல் 19 வரை 2013இல் திறந்த பாதாளப் பிளாட்பாரங்கள், தரைக்குக் கீழே 20 மீட்டருக்கு மேல் ஆழம். இது எக்செல் தாளில் இல்லை. ஒரு எஸ்கலேட்டர், நீளமான நடை, மறுபடியும் எஸ்கலேட்டர். அத்தைக்கு எஸ்கலேட்டரில் கால் வைக்கப் பயம். இரண்டு பெட்டிகளோடு லிஃப்டைத் தேடி அலைந்தோம். கீழே போய்ச் சேர்ந்தபோது வண்டியின் பின்பக்க விளக்குதான் தெரிந்தது.

முன்கூட்டியே வாங்கிய மலிவு டிக்கெட் அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் செல்லும். இரண்டு வண்டிக்கும் தனித்தனியாக வாங்கியிருந்ததால் எந்த முகத்தோடு போய்க் கேட்பது? மூன்று டிக்கெட்டும் போச்சு. அவர் ஒன்றும் பேசாமல் வெளியே வந்து நின்றார். சுவரில் இருந்த கடிகாரம் 10:25 காட்டியது. "இன்னும் நேரம் இருக்கு!" என்று ஒரு நொடி அவர் முகம் மலர்ந்தது. உண்மையில் மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. 1980 ஆகஸ்ட் 2 அன்று அந்த ஸ்டேஷனில் குண்டு வெடித்து 85 பேர் இறந்தார்கள். வெடித்த நேரத்தைக் காட்டியபடி அந்தக் கடிகாரத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் நின்ற ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது. அதற்குப் பிறகு போன வண்டியைப் பற்றிப் புலம்ப எங்களுக்கு வாய் வரவில்லை.

அத்தைதான் கேட்டார், "அம்மிணி, மெதுவாப் போற வண்டி எதுவும் இல்லீங்களா?" இருந்தது. பிராட்டோ வரை ஒரு வண்டி, அங்கே மாறி புளோரன்ஸ். அதிவேக வண்டிக்கு அந்த நேரத்தில் கேட்ட விலையில் பாதிகூட இல்லை. மலைக்கு அடியில் 18.5 கிலோமீட்டர் சுரங்கம், 1934இல் திறந்தது. அதைத் தாண்டியதும் சின்னச் சின்ன ஊர்கள், பள்ளி விட்டு ஏறிய பிள்ளைகள், அத்தை மடியில் வேர்க்கடலைப் பொட்டலம். "நம்ம பாசஞ்சர் வண்டியாட்டவே இருக்குது" என்றார். கோவையில் இன்றைக்கும் யார் வந்தாலும் கொலோசியத்தை விட்டுவிட்டு இந்த வண்டியைத்தான் சொல்கிறார்.

உங்கள் கணக்குக்கு வருகிறேன். ரோம்–புளோரன்ஸ் ஒன்றரை மணி நேரம் என்று திரை காட்டும். அறையைக் காலி செய்வது, ஸ்டேஷன் போவது, கடைசி நேரத்தில் போர்டில் வரும் பிளாட்பாரம் எண்ணுக்காகக் காத்திருப்பது, இறங்கி அடுத்த அறை திறக்கும்வரை பெட்டியோடு திரிவது எல்லாம் சேர்ந்தால் அரை நாள். ஏழு ஊர் என்றால் ஆறு அரை நாள். "நான் ஒன்பது நாளில் எட்டு ஊர் பார்த்தேன்" என்று கமெண்ட் போடப்போகிறவர்களுக்கு: பார்த்திருப்பீர்கள், நான் மறுக்கவில்லை. 71 வயதில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டு வந்து சொல்லுங்கள்.

நானாக இருந்தால் பட்டியலிலிருந்து மிலானை அடித்துவிடுவேன். விமானம் அங்கேதான் இறங்குகிறது என்றால் நேராக வெனிஸ் வண்டி, இரண்டரை மணி நேரத்துக்குள். வெனிஸில் 2 இரவு, புளோரன்ஸில் 4, ரோமில் 4, திரும்பும் விமானம் ரோமிலிருந்து. பீசா புளோரன்ஸிலிருந்து ஒரு மணி நேரம். நேபிள்ஸ் ரோமிலிருந்து ஒன்றேகால் மணி நேரம்கூட ஆகாது. எரிமலையில் புதைந்த பழைய ஊரான பொம்பேயும் வேண்டுமென்றால் நேபிள்ஸில் சிர்கும்வெசுவியானா என்ற லோக்கல் வண்டி உண்டு, கூட்டத்துக்குத் தயாராகப் போங்கள்.

ஊருக்கு ஊர் போகும் அதிவேக வண்டிகளுக்கு, ஃப்ரெச்சாரோசாவோ இத்தாலோவோ, சீக்கிரம் வாங்கினால் விலை குறைவு. பீசா போன்ற பக்கத்து ஊர்களுக்குப் போகும் ரெஜியோனாலே வண்டிகளுக்கு எப்போது வாங்கினாலும் ஒரே விலை, அன்றைக்கே வாங்கலாம். ஆனால் காகித டிக்கெட்டை ஏறும் முன் ஸ்டேஷன் மெஷினில் விட்டு முத்திரை குத்த வேண்டும், போனில் வாங்கியதென்றால் செக் இன் செய்ய வேண்டும். மறந்தால் அபராதம், சுற்றுலாப் பயணி என்ற சலுகை கிடையாது. போர்டில் வண்டி முடியும் ஊரின் பெயர்தான் இருக்கும். பீசாவுக்கு நீங்கள் ஏற வேண்டிய வண்டி லிவோர்னோ என்று ஓடிக்கொண்டிருக்கலாம். வெனிஸுக்கு சாந்தா லூச்சியா என்று பார்த்து வாங்குங்கள், மெஸ்த்ரே என்பது கரையில் இருக்கும் வேறு ஸ்டேஷன். வேலைநிறுத்தத் தேதிகளை முன்பே அறிவித்துவிடுவார்கள், ஷோபெரோ (sciopero) என்ற சொல்லைத் தேடிப் பாருங்கள்.

சிங்க்வே தெர்ரே என்ற ஐந்து கடலோரக் கிராமங்களைப் பற்றி எனக்கு இரண்டு மனம். புளோரன்ஸிலிருந்து, அந்தக் கிராமங்களுக்கு வண்டி மாறும் லா ஸ்பெசியா போகவே இரண்டு, இரண்டரை மணி நேரம் பிடிக்கும், திரும்பவும் அதே. அம்மாவுக்கு முட்டி வலி உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. உண்டென்றால் அந்த ஐந்தில் கொர்னிலியாவை மட்டும் விட்டுவிடுங்கள். ஸ்டேஷனிலிருந்து ஊருக்கு 380 படிக்குப் பக்கம் ஏற வேண்டும். மேலே போக ஒரு சின்ன பஸ் இருக்கிறது, ஆனால் அதற்கும் நம்மைப் போலவே எல்லோரும் காத்திருப்பார்கள்.