பாட்டிலுக்குள் ஒரு காடு: மூடிய பாட்டிலில் செடி வளர்க்கும் சேலத்துக்காரர்களின் கேள்வி பதில்

அஸ்தம்பட்டி: மூடி போட்ட பாட்டிலில் செடிக்கு மூச்சு முட்டாதா அண்ணா?

முட்டாது. பகலில் செடி கரியமிலவாயுவை எடுத்து ஆக்சிஜனை விடும். உதிர்ந்த இலை மக்கும்போது கரியமிலவாயு திரும்பக் கிடைக்கும். தண்ணீரும் அப்படித்தான், ஆவியாகிக் கண்ணாடியில் படிந்து மண்ணுக்கே இறங்கிவிடும். 1829-இல் லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு இதைத் தற்செயலாகத்தான் கண்டார். ஊர்ப் புகையில் அவர் தோட்டத்துப் பெரணிகள் கருகிக்கொண்டிருந்தன. அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணோடு பாட்டிலில் மூடிவைத்தார். அதே மண்ணில் ஒரு பெரணியும் புல்லும் தானாக முளைத்தன. பிறகு அவர் செய்த கண்ணாடிப் பெட்டிகளில்தான் சீனத்துத் தேயிலைக் கன்றுகள் கடல் தாண்டி இந்தியா வந்தன.

கொண்டலாம்பட்டி: எத்தனை நாளைக்கு ஒருமுறை தண்ணீர்?

நாள் கணக்கே கிடையாது. காலையில் கண்ணாடி லேசாக வேர்த்து, மதியத்துக்குள் தெளிந்தால் தொடாதீர்கள். நாள் முழுக்க வேர்த்திருந்தால் மூடியை ஒரு நாள் திறந்துவையுங்கள். நேர் வெயிலில் மட்டும் வைக்காதீர்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் மூடிய பாட்டில் என்பது இட்லிப் பானை.

சூரமங்கலம்: ஏற்காட்டுப் பாறையிலிருந்து பாசி பெயர்த்து வரலாமா?

கூடாது. காப்புக்காடு என்றால் வழக்கே வரும். அதோடு, சுமார் 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில் வளர்ந்தது உங்கள் மொட்டைமாடி அறையில் எத்தனை நாள் தாங்கும்? மழைக்காலத்தில் உங்கள் சந்துச் சுவரில் முளைப்பது போதும், அது இந்த ஊர்ச் சூட்டுக்குப் பழகியது.

அம்மாபேட்டை: கற்றாழை வைக்கலாமா?

மூடிய பாட்டிலிலா? அழுகிவிடும்.

மேக்னசைட் ஜங்ஷன் பக்கம்: எங்கள் ஊர் வெள்ளைக்கல்லை அழகுக்குப் போட்டிருக்கிறேன். வினிகர் ஊற்றிப் பார்த்தேன், நுரைக்கவில்லை. அப்போது சுண்ணாம்பு இல்லைதானே?

சுண்ணாம்பு இல்லைதான், ஆனால் அதற்காகக் கெடுதல் இல்லை என்று ஆகாது. உங்கள் ஊர் வெள்ளைக்கல் மேக்னசைட், அதுவும் சுண்ணாம்புக்கல்லைப் போலக் கார்பனேட்தான். குளிர்ந்த அமிலத்தில் சும்மா கிடக்கும். பொடித்துச் சூடான அமிலத்தில் போட்டால்தான் குமிழி விடும். பாட்டிலில் அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வருகிறது, மண்ணில் மெல்லக் காரம் ஏறும். சுவர்ப் பாசி தாங்கிக்கொள்ளும், ஆனால் பாட்டிலில் பலரும் வைக்கும் ஃபிட்டோனியா என்ற சின்ன இலைச்செடிக்கு இளம்புளிப்பு மண்தான் பிடிக்கும். கூழாங்கல் போடுங்கள்.

அதே ஆள்: எட்டு மாதமாகச் செழிப்பாக இருக்கிறதே?

என்ன செடி தம்பி?

அதே ஆள்: மணிபிளாண்ட்.

அது எதிலும் வளரும், அதைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்.

குகை: அடியில் கரி கட்டாயமா? தம்பி சொல்லும் வெள்ளைக்கல்லையே போட்டால் தண்ணீர் வடியாதா?

மறுபடி வெள்ளைக்கல்லா! வடிய இரண்டு விரற்கடை கூழாங்கல் போதும். கரி கட்டாயமில்லை, நாற்றத்துக்கு நல்லது என்று நான் ஒரு பிடி போடுவேன். அடுப்புக்கரிதான், சாம்பல் அல்ல. சாம்பலும் காரம்.

செவ்வாய்ப்பேட்டை: அண்ணா, தண்ணீர் எத்தனை நாளைக்கு…

மேலே கொண்டலாம்பட்டிக்குச் சொன்னதைப் படியுங்கள். போர் தண்ணீர் மட்டும் வேண்டாம், கண்ணாடியில் வெள்ளைக் கறை பிடிக்கும். மழைத்தண்ணீர் பிடித்து வையுங்கள்.