மாறுதிசை மின்னோட்டம் ஏன் கம்பியின் ஓரத்திலேயே ஓடுகிறது?

மேலூர் சாலையில் உயர் அழுத்தக் கம்பி இழுத்தபோது, நடுவில் எஃகும் சுற்றிலும் அலுமினியமும் இருந்ததைப் பார்த்து இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். நல்ல கவனிப்பு.

மின்னோட்டம் பாயும்போது கம்பிக்கு வெளியே மட்டுமல்ல, உள்ளேயும் காந்தப்புலம் வளையம் வளையமாக உண்டாகும். நடு அச்சில் ஓடும் மின்னோட்டத்தை எல்லா வளையங்களும் சூழ்கின்றன. ஓரத்தில் ஓடுவதை வெளி வளையங்கள் மட்டும்தான். ஒரே திசையில் ஓடும் நேர்திசை மின்சாரத்தில் புலம் மாறாது, அதனால் வித்தியாசமில்லை. நம் வீட்டு மின்சாரமோ திசை மாறி மாறி ஓடுவது, நொடிக்கு 50 சுழற்சி (50 ஹெர்ட்ஸ்). மாறும் புலம் மின்னோட்டத்தை எதிர்க்கும் மின்னழுத்தத்தைத் தூண்டும். அது நடுவில்தான் அதிகம். அதனால் மின்னோட்டம் ஓரத்துக்கு ஒதுங்குகிறது. எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுவதால் என்று பலர் சொல்வார்கள், அது தவறு. அப்படியென்றால் நேர்திசை மின்சாரத்திலும் நடக்க வேண்டுமே!

50 ஹெர்ட்ஸில் செம்புக்குள் சுமார் 9 மி.மீ. ஆழத்தில் மின்னோட்ட அடர்த்தி மேற்பரப்பில் இருப்பதில் 37 சதவீதமாகிவிடும். அலுமினியத்தில் அந்த ஆழம் 12 மி.மீ. வீட்டு வயரின் செம்பு அதைவிட மிக மெல்லியது, அங்கே கவலையே இல்லை. 10 லட்சம் ஹெர்ட்ஸில் செம்பில் வெறும் 0.07 மி.மீ.! அதனால்தான் வானொலி அனுப்பிகளில் உள்ளீடற்ற செம்புக் குழாயே போதும்.

சரி, அந்த எஃகு? அது முக்கியமாகக் கம்பியின் எடையைத் தாங்கத்தான். மின்சாரத்தைப் பெரும்பாலும் அலுமினியமே சுமக்கிறது.