தன்னுடல் தாக்கு நோய் என்றால் என்ன? உடம்பு ஏன் தன்னையே தாக்குகிறது?

கிருமியை அழிக்க வேண்டிய எதிர்ப்புக் கலங்கள் சொந்த உடம்பையே எதிரியென்று தாக்குவதுதான் இது. முடக்குவாதம், தோல், மூட்டு, சிறுநீரகம் என்று பல உறுப்புகளைத் தாக்கும் லூபஸ், முதலாம் வகை நீரிழிவு எல்லாம் இந்த இனம். எங்கட அம்மம்மாவுக்கு முடக்குவாதம். விடியற்காலையில் விரல்கள் விறைத்து இடியப்ப உரலைப் பிழியவே முடியாது, ஒரு மணித்தியாலம் போனால்தான் கை மெல்ல இளகும்.

படலையடியில் நிற்கும் நாயை நினைத்துப் பாருங்கள். வேற்றாளைக் கண்டால் குரைக்கட்டும், சரி, ஆனால் வீட்டுப் பிள்ளைமேல் பாய்ந்தால் "அடேய், அது எங்கட பிள்ளை" என்று அதட்ட ஓர் ஆள் வேண்டும். உடம்பிலும் அப்படி அடக்கி வைக்கும் கலங்கள் உண்டென்று ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995இல் காட்டினார், பலர் அப்போது நம்பவில்லை. 2001இல் மேரி பிரன்கோவும் பிரெட் ராம்ஸ்டெலும் அதற்குரிய மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். மூவருக்கும் 2025இல் மருத்துவ நோபல் கிடைத்தது. அந்த அடக்கும் கலங்கள் குறைந்தாலோ சரியாக வேலை செய்யாவிட்டாலோ நோய் வரலாம்.

இப்போதுள்ள மருந்துகள் பல நாயின் வாயைக் கட்டுவது போலத்தான், கள்ளன் வந்தாலும் கடிக்காது, அதனால் தொற்று எளிதில் பிடிக்கும். அதட்டும் கலங்களைப் பெருக்கி நோயாளிக்கே ஏற்றிப் பார்க்கும் ஆய்வுகள் இப்போது நடக்கின்றன, எனக்குப் பெரிய நம்பிக்கை அதில்தான்.

எதிர்ப்புச் சக்தி குறைந்துதான் இது வருகிறது என்று நினைத்து, அதைக் கூட்டக் கசாயம் தேடி மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.